வெட்டுத்துணி

தையற்கடையில் எஞ்சிய வெட்டுத்துணிகளை எங்கள் பாட்டி கேட்டு வாங்கி வருவார். சதுரங்களாய் நறுக்கி இணைத்தால் விரிப்பு. அதற்கும் உதவாத கீற்றுகள் தலையணைக்குள் சென்றன. இதைக் கஞ்சத்தனம் என்பாருண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை.

இம்மண்ணில் பெண்ணின் தோளை மூடும் சிறு துணியே பெரும் வழக்காய் நின்ற காலம் ஒன்றிருந்தது. 1829-இல் திருவிதாங்கூர் அரசு கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணிய இசைந்தது, தோள்சீலையை மறுத்தது. கலவரங்களுக்குப்பின் 1859 ஜூலை 26-இல் நாடார் பெண்களுக்கு உரிமை தந்த பிரகடனமும், உயர்சாதியார் போல் உடுத்தலாகாது என்னும் நிபந்தனையோடுதான் வந்தது! இதற்கிடையே, 1819-இல் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் அம்மையார் ஏழைப் பெண்களுக்குப் பின்னல் வேலை பயிற்றினார். அக்கூலியால் தம் அடிமைத்தளையை விலைகொடுத்து மீட்டோரும் உண்டு.

பாட்டியின் விரிப்பு இன்றும் இருக்கிறது. அதிலுள்ள நீலத்துணுக்கு எவருடைய சட்டையினின்று வந்ததென்று கூற வீட்டில் இப்போது ஆளில்லை.