ஆனியன் ரவா, ஒண்ணு முறுகல்

கையில் மெஷினோடு ஆர்டர் எடுக்கப் போனால், "முன்னெல்லாம் பேப்பர்ல எழுதுவீங்களே" என்பார்கள் பழைய வாடிக்கையாளர்கள். எனக்குச் சிரிப்பு வரும். 1989-ல் மாட வீதிக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் சர்வராகச் சேர்ந்தபோது பேப்பரே கிடையாது. சாப்பிட்டு முடித்த பிறகு பில் எழுதுவோம், அவ்வளவுதான். ஆர்டர் தொண்டையில் இருந்தது. நாலு டேபிள் சொன்னதை மனசில் வாங்கி, தோசைக்கல் பக்கம் போய் ஒரே மூச்சில் கத்தவேண்டும்: "ரெண்டு நெய் ரோஸ்ட், ஆனியன் ரவா மூணு, ஒண்ணு முறுகல்!" மாஸ்டர் திரும்பிப் பார்க்கமாட்டார். கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம்தான் பதில்.

கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் இன்னும் கஷ்டம். 1962-லிருந்து 2008-ல் மூடும்வரை அங்கே சர்வர் காருக்கே வந்து ஆர்டர் வாங்குவார், தட்டை ஜன்னலில் மாட்டுவார். யார் என்ன கேட்டார்கள் என்பதோடு எந்தக் கார் எங்கே நிற்கிறது என்பதும் மண்டையில் இருக்கவேண்டும். இப்போது அந்த இடம் செம்மொழிப் பூங்கா.

எங்களுக்குப் பேப்பர் வந்தது மாடியில் ஏ.சி. ஹால் கட்டியபோது. குரல் கீழே எட்டவில்லை. கார்பன் வைத்த கேஓடி (கிச்சன் ஆர்டர் டிக்கெட்) புத்தகம் கொடுத்தார்கள். மேல் தாள் கிச்சனுக்கு, அடித்தாள் கல்லாவுக்கு. 'மு' என்றால் முறுகல், 'ச.க.' என்றால் சர்க்கரை கம்மி. அவசரத்தில் கார்பனைத் திருப்பி வைத்துவிட்டால் எழுத்தெல்லாம் மேல் தாளின் முதுகில் இடவலம் மாறி விழும், கல்லாவுக்கு வெறும் தாள் போகும். கிச்சன் ஆணியில் குத்திய சீட்டு அரை மணியில் எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி. ஏ.சி. என்றால் 18 சதவீதம், இல்லையென்றால் 12. நவம்பர் 15-ல் இரண்டும் 5 ஆனது. கையால் பில் போட்டவன் பாடு சொல்லி மாளாது. முதலில் கல்லாவில் கம்ப்யூட்டர், அப்புறம் எங்கள் கையில் மெஷின்.

ஈர விரலுக்கு அது மசியாது. சட்னி பட்டால் தானே நாலு காபி போட்டுக்கொள்ளும். ஒரு அறுபத்துமூவர் திருவிழா அன்று, வாசல்வரை கூட்டம், வைஃபை படுத்துவிட்டது. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் படியிறங்கி, பல வருஷம் கழித்து, கத்தினேன். மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது தனி விஷயம்.

ஆனாலும் அந்த மெஷினைத் திட்ட மனசு வரவில்லை. ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன், தமிழ் எழுதத் தெரியாததால் இரண்டு வருஷம் டேபிள் மட்டும் துடைத்துக்கொண்டிருந்தான். படம் பார்த்து அமுக்குகிற திரை வந்ததும் சர்வர் ஆகிவிட்டான். முறுகலுக்கு மட்டும் அதில் பட்டன் இல்லை. "அண்ணே, முறுகலுக்கு என்ன ஸ்பெல்லிங்?" என்று என்னிடம்தான் வந்து நிற்பான்.