தெருப் பலகையில் ஒரு தளபதி

காலிக் கோட்டைக்குள் 'லெயின்பான்' என்றொரு வீதி உண்டு. கப்பலுக்கு வேண்டிய கயிறு திரிக்கும் களம் என்பது அந்த ஒல்லாந்தச் சொல்லின் பொருள். கடலை நம்பி வாழ்ந்த ஒல்லாந்தர், தாம் குடியேறிய இடமெங்கும் கடல் மணக்கும் பெயர்களையே விட்டுச் சென்றனர். அவர்களது தாயகத்துத் துறைமுக நகரான றொட்டர்டாமிலும் இதே பெயருடைய கடைவீதி ஒன்று உண்டு. அதனருகே செல்லும் மற்றொரு தெரு, 'கறல் டோர்மன் தெரு' என வழங்குகின்றது.

1940ஆம் ஆண்டு மே 14ஆந் திகதி செர்மானிய விமானங்கள் குண்டு வீசி றொட்டர்டாம் நகரின் நடுப்பகுதியை எரித்தழித்தன. போர் முடிந்தபின் அச்சாம்பலின் மீது புதிய நகர் எழுந்தது. புதிய தெரு ஒன்றுக்கு, ஊரிலிருந்து பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் யாவாக் கடலில் மாண்ட கடற்படைத் தளபதியின் பெயர் சூட்டப்பட்டது. ஒல்லாந்தின் வேறு பல ஊர்களிலும் அப்பெயரைத் தாங்கிய தெருக்கள் உள்ளன.

கறல் டோர்மன் 1889ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆந் திகதி உத்றெக்ற் நகரிற் பிறந்தவர். கடற்படையிற் சேர்ந்து அதிகாரியான அவர், விமானம் என்பது புதுமையாயிருந்த அக்காலத்திலேயே பறக்கப் பயின்று, ஒல்லாந்தக் கடற்படை விமானப் பிரிவை வளர்த்தோருள் ஒருவராயினார். வானத்தின் வலிமையை நன்கறிந்த அவருக்கு, இறுதிப் போரிலே தலைக்குமேல் தம்முடைய விமானம் ஒன்றேனும் இல்லாமற் போனமை விதியின் கொடுமை எனலாம்.

1942ஆம் ஆண்டு பெப்ரவரி மாத முடிவுக்குள் மலாயாவும் சிங்கப்பூரும் யப்பானியர் வசமாகியிருந்தன. அடுத்து யாவாவைக் குறிவைத்துப் படையேற்றிய கப்பற் கூட்டங்கள் விரைந்தன. அவற்றைத் தடுக்கும் பொறுப்பு டோர்மனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒல்லாந்து, பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளின் கப்பல்கள் அவர் தலைமையின்கீழ் வந்தன. குறூசர்கள் ஐந்து, நாசகாரிகள் ஒன்பது. எண்ணிக்கையைப் பார்த்தால் குறைவெனத் தோன்றாது. ஆனால் அவை ஒன்றாகப் பயிற்சி பெற்றவையல்ல. பொதுவான சைகை முறையும் அவற்றுக்கில்லை. ஒல்லாந்த மொழியிற் பிறந்த கட்டளை ஆங்கிலமாகி மற்றைய கப்பல்களைச் சேர்வதற்குள் போரின் நிலை மாறிவிடும். அமெரிக்கக் குறூசரான கூஸ்ரனின் பின்புறப் பீரங்கிகள் முன்னரே குண்டு பட்டுச் செயலிழந்திருந்தன. எதிரியிடமோ, நெடுந்தூரம் பாய்ந்து தாக்கவல்ல புதுவகை டோர்ப்பிடோக்கள் இருந்தன.

பெப்ரவரி 27ஆந் திகதி. இரவு முழுவதும் கடலைத் துழாவியும் எதிரியைக் காணாது கப்பல்கள் சுரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. மாலுமிகள் தாங்கும் எல்லையை அடைந்துவிட்டனர் எனத் தளபதி மேலிடத்துக்கு அறிவித்திருந்தார். துறைமுக வாயிலை அண்மியபோது எதிரிக் கப்பல்களைத் தாக்குமாறு கட்டளை வந்தது. அவர் மறுமொழி கூறி நிற்கவில்லை, கப்பல்களைத் திருப்பினார். 'எல்லாக் கப்பல்களும் என்னைப் பின்தொடர்க' என்பதே அவர் அனுப்பிய சைகை. 'நான் தாக்குகிறேன், என்னைத் தொடர்க' எனப் பிற்காலத்து மக்கள் அதனை வீரவசனமாக்கினர். உண்மையான சைகையில் அந்த ஆரவாரம் இல்லை. களைத்த மனிதர் ஒருவர் களைத்த மனிதருக்கிட்ட எளிய கட்டளையே அது.

மாலையிற் போர் தொடங்கியது. பிரித்தானியக் குறூசரான எக்ஸெற்றர் அடிபட்டு விலகிற்று. நாசகாரிகளான கோர்ட்டனாரும் எலெக்றாவும் மூழ்கின. இரவில் யூப்பிற்றர் கண்ணிவெடியில் அகப்பட்டது. நள்ளிரவை அண்மித்த வேளையில் டோப்பிடோக்கள் பாய்ந்து, ஒல்லாந்தக் குறூசரான யாவாவும் தளபதி ஏறியிருந்த டி றூய்ற்றரும் தீப்பற்றின. எஞ்சிய கூஸ்ரனும் பேத்தும் தம்மை மீட்க முயன்று அழிந்துபோகாது பத்தாவியாவுக்குச் செல்லவேண்டும் என்பதே டோர்மனின் கடைசி ஆணை. அவர் தம் கப்பலுடனேயே மாண்டார்.

நேச நாட்டு மாலுமிகள் ஏறத்தாழ 2,300 பேர் அப்போரில் உயிரிழந்தனர். யப்பானியர் கரையிறங்குவது ஏறத்தாழ ஒரு நாள் தாமதித்தது, அவ்வளவே பயன். மார்ச் 8ஆந் திகதி யாவா பணிந்தது. தாக்குமாறு கட்டளையிட்ட மேலதிகாரி எல்பிறிச், மார்ச் தொடக்கத்தில் விமானமேறிக் கொழும்பை அடைந்தார். ஏப்பிரல் மாதத்தில் போர் கொழும்பையும் திருகோணமலையையும் தொட்டது.

இவ்வுயிர்கள் வீணாயினவா என்ற வினா எளிதில் விடை காணக்கூடியதன்று. வெற்றி அரிதென அறிந்தே டோர்மன் திரும்பினார். அஃது வீரமா, கீழ்ப்படிதலா, இரண்டும் கலந்ததா என வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுவர். ஒன்று மட்டும் மறக்கத்தக்கதன்று: அக்கப்பல்களில் மாண்டோர் ஒல்லாந்தர் மட்டுமல்லர், இந்தோனேசிய மாலுமிகளும் பலர். அந்நிய ஆட்சியின் கொடியின்கீழ், தம் சொந்தக் கடலிலே அவர்கள் மடிந்தனர். தெருப் பலகைகளில் அவர்களது பெயர்கள் இல்லை.

கடலடியில் கிடந்த டி றூய்ற்றரும் யாவாவும் 2002ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்டன. எழுபத்தைந்தாம் ஆண்டு நினைவை முன்னிட்டு 2016இல் மீண்டும் சென்று பார்த்தபோது அவை அங்கில்லை. இரும்புக்கும் பித்தளைக்கும் ஆசைப்பட்டோர் அனுமதியின்றி அறுத்து அகற்றிவிட்டனர் எனக் கருதப்படுகின்றது. கப்பல்கள் கிடந்த பள்ளத்தின் சுவடே மணலில் எஞ்சியிருந்தது. நூற்றுக்கணக்கானோரின் கல்லறையே களவு போயிற்று.

பல ஆயிரம் தொன் உருக்கு மறைந்துவிட்டது; தெருமூலையில் மாட்டிய மெல்லிய தகடு நிலைத்திருக்கின்றது. ஆயினும், ஒரு பெயரைத் தாங்கும் அத்தகட்டின் பின்னே பெயரற்ற பல்லாயிரவர் நிற்கின்றனர் என்பதை அறிந்து வாசிப்பவனுக்கே அது நினைவுச் சின்னமாகும். மற்றையோருக்கு அது வெறும் வழிகாட்டி.