கற்று அடைந்த குலைவு: வாய்ட் இசைக்குழுவும் 2011ஆம் ஆண்டுத் தொகுப்பும்

வாஷிங்டன் நகரின் டிஸ்கார்டு நிறுவனம் 1982இல் தன் எட்டாவது வெளியீடாக ஒரு எல்.பி. இசைத்தட்டைக் கொண்டுவந்தது. அதில் இரண்டு குழுக்கள் பக்கத்துக்கு ஒன்றாக இடம்பெற்றன. ஒரு பக்கத்தில் அலெக் மெக்காய் பாடிய ஃபெய்த் குழுவின் பன்னிரண்டு பாடல்கள். மறுபக்கத்தில் மேரிலாந்து மாநிலத்துக் கொலம்பியாவிலிருந்து வந்த வாய்ட் குழுவின் பன்னிரண்டு பாடல்கள். ஹார்ட்கோர் பங்க் வரலாற்றில் இந்தத் தட்டுக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கர்ட் கோபெய்ன் தனக்குப் பிடித்த இசைத்தட்டுகளை வரிசைப்படுத்தி நாட்குறிப்பில் எழுதிவைத்த பட்டியலில்கூட இது உண்டு. ஆனாலும் வாய்ட் குழுவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே கருத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்கள்: வாசிக்கத் தெரியாத பையன்கள், ஆவேசத்தில் எதையோ இழுத்துப் போட்டார்கள், அது தற்செயலாக அற்புதமாக அமைந்துவிட்டது. பாராட்டுப் போலத் தோன்றும் இக்கூற்று அக்குழுவின் உழைப்பையே மறைத்துவிடுகிறது. 2011இல் டிஸ்கார்டு வெளியிட்ட ‘செஷன்ஸ் 1981–83’ தொகுப்பு இதை மறுப்பதற்கான சான்றுகளைத் தருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குழுவில் நால்வர். ஜான் வைஃபன்பாக் பாடினார். பப்பா டுப்ரீ கிட்டார், கிறிஸ் ஸ்டோவர் பேஸ், ஷான் ஃபின்னெகன் டிரம்ஸ். எல்லாரும் பதின்ம வயதினர். அவர்களுடைய ஊரான கொலம்பியா, வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையில் ஜேம்ஸ் ரவுஸ் என்ற கட்டுமானத் தொழிலதிபர் திட்டமிட்டு எழுப்பிய நகரம். 1967இல் திறக்கப்பட்டது. வெள்ளையரும் கறுப்பரும் வசதி படைத்தவரும் குறைந்தவரும் அடுத்தடுத்து வாழவேண்டும் என்ற கனவோடு, ‘கிராமங்கள்’ என்று பெயரிட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, தெருப்பெயர்களைக்கூடக் கவிதைகளிலிருந்தும் கதைகளிலிருந்தும் எடுத்துவைத்த ஊர் அது. ஒழுங்கான ஊரில் வளர்ந்த பிள்ளைகள் ஒழுங்கை உடைத்தார்கள் என்று எழுதிவிடுவது எளிது. அந்த விளக்கத்தில் எனக்கு நிறைவில்லை. அமெரிக்கப் புறநகர்களில் இருந்து அந்த ஆண்டுகளில் கிளம்பிய ஹார்ட்கோர் குழுக்கள் ஏராளம். அவற்றில் எதுவும் வாய்ட் போல ஒலிக்கவில்லை. ஊர் அவர்களுக்குத் தந்தது தொலைவு என்றே கருதுகிறேன். வாஷிங்டன் இளைஞர்கள் தங்களுக்குள் உருவாக்கிக்கொண்ட இசை ஒழுக்கத்துக்கு, குறிப்பாக ஹெவி மெட்டலின் மீதான ஒவ்வாமைக்கு, இவர்கள் முழுதாகக் கட்டுப்பட வேண்டியிருக்கவில்லை. பிளாக் சபாத்தைக் கேட்டு வளர்ந்ததை மறைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

‘தற்செயல்’ என்ற கருத்து எப்படி நிலைபெற்றது என்பதைப் பார்க்கவேண்டும். தொகுப்பு வரும்வரை பொதுக் கேட்போரின் கைக்கு எளிதில் எட்டியவை இரண்டுதான்: 1982 தொடக்கத்தில் வந்த ‘ஃப்ளெக்ஸ் யுவர் ஹெட்’ என்ற கூட்டுத்தொகுப்பில் மூன்று பாடல்கள், பிறகு ஃபெய்த்துடன் பகிர்ந்த அந்தப் பக்கம். பிந்தைய பக்கத்தின் ஒலி முன்னதை அடியோடு விழுங்கிவிட்டது. டுப்ரீயின் கிட்டார் ரிஃபை வாசித்துக்கொண்டே இருந்து திடீரென்று ஃபீட்பேக்காகக் கிறீச்சிட்டு எழுகிறது. ஃபின்னெகனின் டிரம்ஸ் தாளத்துக்கு முன்னே பாய்கிறது, பிறகு பின்தங்குகிறது, உருட்டல்களில் மூழ்கி எழுகிறது. வைஃபன்பாக் சொற்களைப் பாடுவதில்லை, கக்குகிறார். பாடல் எந்த நொடியிலும் நின்றுவிடும் என்ற அச்சம் கேட்பவரைப் பிடித்துக்கொள்கிறது. அதே தட்டின் மறுபக்கத்தில் ஃபெய்த் கட்டுக்கோப்பாக, ஒரே மூச்சாக வாசிக்கிறார்கள். அந்த அருகமைவே வாய்ட் மீதான தீர்ப்பை எழுதிவிட்டது. தட்டைத் திருப்பிப் போட்டவுடன் கேட்பது ஒரு கோளாறு என்று காது முடிவுகட்டிவிடுகிறது.

2011 தொகுப்பு இந்தக் காதுக்கு எதிரான சாட்சியம். முப்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள் இதில் உள்ளன. முதன்மையானவை 1981 நவம்பரில் ஹிட் அண்ட் ரன் ஸ்டுடியோவில் செய்த டெமோவும், அடுத்த மாதம் ஆர்லிங்டனில் டான் ஸியன்டாராவின் வீட்டு அடித்தளத்தில் இயங்கிய இன்னர் இயர் ஸ்டுடியோவில் செய்த பதிவுகளும். பாடல்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. சாதாரணக் கேட்பவருக்கு இது சலிப்பாக இருக்கலாம். ஆய்வாளருக்கு இதுதான் புதையல். ஒரு பாட்டின் பல வடிவங்கள் ஒருங்கே கிடைக்கும்போது சுவடிப் பதிப்பாசிரியர் செய்யும் வேலையை இங்கும் செய்யலாம்: பாடபேதங்களை அடுத்தடுத்து வைத்து, எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்கலாம்.

‘மை ரூல்ஸ்’ பாடலை எடுத்துக்கொள்வோம். ‘ஃப்ளெக்ஸ் யுவர் ஹெட்’டில் வெளியான 1981 வடிவத்தில் அது வேகமான, ஓரளவு நேர்கோடான ஹார்ட்கோர் பாட்டு. கிட்டார் தன் வேலையைச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. டிரம்ஸ் பாட்டைச் சுமந்து ஓடுகிறது. அடுத்த ஆண்டு எல்.பி.யில் வரும் வடிவத்தில் பாட்டின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. ஆனால் ரிஃப்களுக்கு இடைப்பட்ட சந்துகளில் எல்லாம் கிட்டாரின் அலறல் நிரம்பியிருக்கிறது. ‘கண்டென்ஸ்டு ஃபிளெஷ்’ பாடலின் டெமோ வடிவத்தையும் எல்.பி. வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்டாலும் இதே திசையில்தான் நகர்வு தெரிகிறது. கவனிக்க வேண்டியது இந்தத் திசையைத்தான். வாசிக்கத் தெரியாதவர்கள் பயிற்சி பெற்றால் காலப்போக்கில் ஒழுங்கை நோக்கி நகர்வார்கள். வாய்ட் எதிர்த்திசையில் போனார்கள். 1981 நவம்பரில் ஒப்பீட்டளவில் ஒழுங்காக இருந்த பாட்டு 1982இல் குலைந்திருக்கிறது. அப்படியானால் குலைவு அவர்கள் கற்று அடைந்த ஒன்று.

இதற்கு ஒரு மறுப்பு எழும். ஒலிப்பதிவுச் சூழல் மாறியிருக்கலாம், பொறியாளரின் கைவண்ணமாக இருக்கலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். டெமோவைப் பொறுத்தவரை அது நியாயமான ஐயம். ஆனால் 1981 டிசம்பர் பதிவும் 1982ஆம் ஆண்டு எல்.பி. பதிவும் ஒரே இன்னர் இயரில் நடந்தவை. அதே அடித்தளம், அதே ஸியன்டாரா. டிஸ்கார்டு குழுக்களின் அன்றைய பதிவுகள் பெரும்பாலும் அங்கேதான் உருவாயின. அவற்றில் எதிலும் இந்தக் குலைவு இல்லை. அறையும் கருவியும் மாறாதபோது மாறியது வாசிப்பவர்கள்தான்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். எல்.பி. பக்கத்தில் நால்வரும் திசைக்கொருவராகச் சிதறி ஓடுவதுபோல் தோன்றும் இடங்களை அடுத்து, ஒரே நொடியில் நால்வரும் வந்து நிற்கும் இடங்கள் உண்டு. நிறுத்தம் வெட்டியதுபோல் இருக்கிறது. ஒத்திகை பார்க்காத குழுவால் இது முடியாது. இந்த நிறுத்தங்கள் எல்.பி.யிலும் இருந்தவைதான், தொகுப்பு புதிதாக எதையும் கண்டுபிடித்துத் தரவில்லை. ஆனால் பழைய வடிவங்களைக் கேட்ட பிறகுதான் அவற்றைக் கேட்கும் காது நமக்கு வாய்க்கிறது. எலும்புக்கூட்டைத் தனியே கண்டவனுக்குத்தான் அதன்மேல் என்ன சேர்க்கப்பட்டது என்று தெரியும்.

மறுவெளியீடுகள் வரலாற்றைத் திருத்தும் வழிகள் பல. டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஹாக்னி சகோதரர்களின் ‘டெத்’ குழு 1975இல் பதிவுசெய்த பாடல்களை டிராக் சிட்டி நிறுவனம் 2009இல் வெளியிட்டபோது திருத்தப்பட்டது காலவரிசை. பங்க் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே மூன்று கறுப்பினச் சகோதரர்கள் அதை வாசித்திருந்தார்கள் என்பது யாரும் மறுக்க முடியாத செய்தியானது. அதன் மதிப்பு மிகப் பெரிது. வாய்ட் தொகுப்பு தரும் திருத்தம் வேறு வகை. எந்தத் தேதியும் மாறவில்லை, எந்த முன்னோடிப் பட்டமும் கைமாறவில்லை. மாறுவது ஒரு நோக்கத்தைப் பற்றிய நம் மதிப்பீடு. பத்திரிகைகளில் முதல்வகைக்குக் கிடைத்த கவனம் இரண்டாம் வகைக்குக் கிடைப்பதில்லை, ஏனென்றால் அதைத் தலைப்புச் செய்தியாக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை கேட்கவேண்டும். இசை வரலாற்றுக்கு அந்த உழைப்பு அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு மறுவெளியீடும் யார் முதலில் செய்தார் என்ற பந்தயமாகவே சுருங்கிவிடும்.

ஹார்ட்கோருக்கும் மெட்டலுக்கும் இடையிலான சுவர் எண்பதுகளின் நடுப்பகுதியில்தான் பரவலாக இடிந்தது. டி.ஆர்.ஐ. குழு ‘கிராஸ்ஓவர்’ என்றே தன் ஆல்பத்துக்குப் பெயர் வைத்தது 1987இல். வாய்ட் அந்தச் சுவரை 1982லேயே தாண்டிவிட்டார்கள் என்று சொல்வது வழக்கம். தொகுப்பைக் கேட்டபின் அந்தக் கூற்றையும் சற்றுத் திருத்தத் தோன்றுகிறது. பின்னாளைய கிராஸ்ஓவர் குழுக்கள் மெட்டலிடமிருந்து எடுத்துக்கொண்டது துல்லியத்தை: இறுக்கமான ரிஃப், சுத்தமான நிறுத்தம். டுப்ரீ எடுத்துக்கொண்டது கிட்டாரின் மிகையை, தனிவாசிப்பின் அலறலை. அதைப் பாட்டின் நடுவில் தனிப் பகுதியாக வைக்காமல் பாட்டெங்கும் கரைத்துவிட்டார். இது வேறு வழி, அந்த வழியில் பின்தொடர்ந்தவர்கள் குறைவு.

ஃபின்னெகன் 2008இல் மாரடைப்பால் இறந்தார். இந்தத் தொகுப்பை அவர் பார்க்கவில்லை. இந்த மறுமதிப்பீட்டில் அதிகம் உயர்வது அவருடைய இடம்தான் என்பதால் இது என்னை வருத்துகிறது. கிட்டாரைப் பற்றி எழுத எப்போதும் ஆள் உண்டு. ஆனால் டெமோவில் சீராகத் தாளம் பிடிக்கும் அதே கைகள் எல்.பி.யில் தாளத்தை இழுத்தும் விட்டும் ஆடுவதைக் கேட்கும்போது, குலைவின் எல்லையை வகுத்தவர் அவரே என்று தெரிகிறது. டுப்ரீ எவ்வளவு தூரம் போகலாம் என்பது ஃபின்னெகன் எங்கே திரும்பி வருகிறார் என்பதைப் பொறுத்தது.

தொகுப்பு நிரப்பாத ஓரிடம் உண்டு. டச் அண்ட் கோ நிறுவனத்துக்காக 1983இல் பதிவான ‘போஷன் ஃபார் பேட் ட்ரீம்ஸ்’ என்ற இரண்டாவது ஆல்பம் வெளிவராமலே நின்றது, குழுவும் கலைந்தது. மெட்டல் சாய்வு மேலும் கூடிய அந்தப் பதிவு பல பத்தாண்டுகளாக அனுமதியற்ற பிரதிகளாகவே கைமாறிவந்திருக்கிறது. தேய்ந்த பிரதிகளின் ஒலியை வைத்து அதைத் தோல்வி என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எல்.பி. பக்கத்தை ‘தற்செயல்’ என்று முடிவுகட்டியபோது நடந்த அதே பிழை இங்கும் நடக்கிறது: போதிய சான்று இல்லாமல் நோக்கத்தைத் தீர்மானிப்பது. தாங்கள் வெளியிட விரும்பாத பதிவைப் பூட்டிவைக்கக் கலைஞர்களுக்கு உரிமை உண்டு, அதை மதிக்கவேண்டும். அவர்கள் மனம் இசைந்து, முதன்மை நாடாக்களிலிருந்து அது முறையாக வெளிவரும் நாள்வரை, 1981இலிருந்து 1982க்கு நகர்ந்த கோடு 1983இல் எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு விடை எழுதாமல் இருப்பதே ஆய்வு நேர்மை.