பாலைவனம் முழுக்க மணல்... அப்புறம் ஏன் தட்டுப்பாடு?

கடற்கரைக்குப் போனால் காலில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும் மணல். அதைக் காசு கொடுத்து வாங்கணுமா என்று தோன்றலாம்.

ஆமாம், வாங்கணும். 1960களில் சுமார் 580 சதுரக் கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூரின் நிலப்பரப்பு இப்போது 730ஐத் தாண்டிவிட்டது. கடலில் மணலைக் கொட்டி மீட்ட நிலம்தான் அதற்குக் காரணம்.

மணல் எப்படி உருவாகிறது?

பாறையிலிருந்துதான். புக்கிட் தீமா குன்றின் கருங்கல்லில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் உண்டு. வெயிலிலும் மழையிலும் ஃபெல்ட்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் லேசில் கரையாது. அது துகள்களாக உதிர்ந்து ஆற்றோடு கடலுக்குப் போகும். இதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடிக்கும்.

மணல் வேறு, மண் வேறா?

- மணல்: துகளின் அளவு சுமார் 0.06 முதல் 2 மில்லிமீட்டர். தண்ணீர் சட்டென்று வடிந்துவிடும்.

- களிமண்: 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவு. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

- மண்: இவற்றோடு மக்கிய இலைதழை, நுண்ணுயிர், காற்று, நீர் எல்லாம் கலந்தது. அதனால்தான் செடி வளர்கிறது.

நம் வட்டாரத்தில் மண் ஏன் சிவப்பு? கனமழை மற்ற சத்துகளை அடித்துக்கொண்டு போய்விடும். தங்கிவிடும் இரும்பு, துருவின் நிறத்தைத் தரும்.

பாலைவன மணலை அள்ளினால் என்ன?

காற்றில் உருண்டு உருண்டு அந்த மணல் வழவழப்பாகிவிடும். துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. கான்கிரீட்டுக்கு அது சரிப்படாது. துபாயின் பாம் ஜுமேரா தீவுக்கே கடலடியிலிருந்துதான் மணல் எடுத்தார்கள்.

இதில் என்ன சிக்கல்?

உலகில் ஆண்டுக்குச் சுமார் 50 பில்லியன் டன் மணலும் சரளையும் பயன்படுத்தப்படுவதாக ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் திட்டம் 2022இல் கூறியது. ஆறு கொண்டுவருவதைவிட அதிகமாக அள்ளினால் கரை சரியும், மீன்வளம் குறையும், கடற்கரை தேயும். மலேசியா 1997இலும் இந்தோனேசியா 2003இலும் கடல் மணல் ஏற்றுமதியைத் தடைசெய்தன. இந்தோனேசியா 2023இல் அதைத் தளர்த்தியது.

மாற்று வழி?

புலாவ் தெக்கோங்கில் கரை எழுப்பி, உள்ளே இருக்கும் கடல்நீரை வெளியேற்றி நிலம் மீட்கும் முறை கையாளப்பட்டது. அதற்கு மணல் குறைவாகப் போதும்.

மணல் மறுபடியும் உருவாகும்தான். ஆனால் நம் அவசரத்துக்கு அது உருவாகாது.