லயத்துக்கு மேலே கழுகு

அக்கரப்பத்தனை லயங்களில் கோழி வளர்க்கிறவங்களுக்கு ஒரு கண்ணு எப்பவும் வானத்துலதான். ஆனா இந்த மலைகளின் பறவை வரலாற்றை எழுதினது வேற ஆட்கள். மலைக்காட்டுக் கொண்டைக் கழுகை 1878இல் விவரித்துப் பெயரிட்டவர் வின்சென்ட் லெக் என்ற பிரித்தானியப் படை அதிகாரி. அவர் வைத்தது கெலார்ட் என்ற மருத்துவரின் பெயர். 1955இல் இலங்கைப் பறவைகளுக்கான கையேட்டைத் தந்த ஜி. எம். ஹென்றி, 1891இல் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். தோட்டத்தில்தான், லயத்தில் இல்லை.

1869இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்க, அந்த இடத்தைத் தேயிலை பிடிச்சது. காடு துண்டு துண்டான அந்த மலைகளில் மழையிலயும் பனியிலயும் நாள் முழுக்க நின்னவங்க நம்ம பாட்டன் பூட்டன்மார். அவங்க கையில கொழுந்துக்கூடை இருந்தது, பேனா இல்ல.

இன்னைக்கும் கருங்கழுகு காட்டோரமா இறங்கி மெதுவா வட்டமிடும். குருவிக்கூடு தேடி முட்டையும் குஞ்சும் எடுக்கிற பறவை அது. சின்ன வல்லூறு வேற, பாம்பு தின்னுற கழுகு வேற. நாம எல்லாத்தையும் 'பருந்து'ன்னு சொல்லிட்டுப் போயிடுறோம். எது, எந்தப் பக்கமிருந்து, எந்த மாசத்துல கோழிக்குஞ்சுக்கு இறங்கும்னு பாட்டிமாரைக் கேட்டா சொல்லுவாங்க. அதைத் தேதி போட்டு எழுதி வைப்போம். லயத்துப் பறவை வரலாறு அங்கதான் தொடங்கும்.