பந்து குதிக்கத் தரை வேண்டும்



முதலாம் ஆண்டில் கூடைப்பந்து மைதானத்தில் நான் திணறியது நம்ம பேட்ச் ஆட்களுக்கு மறந்திருக்காது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்தவன். உயரம் இருந்தது, வலை இழுத்த தோள்பலம் இருந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு நாலடி ஓடத்தான் வரவில்லை. "டேய், இது கபடி இல்லடா" என்று சீனியர்கள் சிரித்தார்கள். எங்க ஊர் மணலில் பந்து குதிக்காது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? 17 வயதுவரை நான் கூடைப்பந்தைத் தொட்டதே இல்லை.

அதே வயதில், ஐம்பது அறுபது கிலோமீட்டர் தெற்கே சென்னையில், ஒரு பெண் ஏற்கெனவே இந்திய அணியில் இருந்தார். அவர்தான் அனிதா பால்துரை.

அவருடைய கதைக்கு முன்னால் ஆட்டத்தின் கதை கொஞ்சம். 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடையை உயரத்தில் மாட்டித் தொடங்கிய விளையாட்டு இது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் இத்தகைய ஆட்டங்களைக் கொண்டுபோனார்கள். சென்னையில் கூடைப்பந்து வேர்விட்டது இப்படித்தான்.

அந்தச் சென்னையில் 1985-இல் பிறந்தவர் அனிதா. முதலில் ஓட்டப்பந்தயம், வாலிபால் என்றுதான் இருந்தார். 11 வயதில் கூடைப்பந்துக்கு வந்தார். ரைசிங் ஸ்டார் கிளப்பில் பயிற்சியாளர் சம்பத் அவரை வளர்த்தெடுத்தார். பதின்ம வயதிலேயே இந்திய அணி, 19 வயதில் இந்திய அணியின் தலைமை! நாமெல்லாம் இரண்டாம் ஆண்டில் அரியர் பேப்பரை எண்ணிக்கொண்டிருந்த வயசு அது.

பிறகு தெற்கு ரயில்வேயில் வேலை. இது சின்ன விஷயம் இல்லை. மாசச் சம்பளம் நிச்சயம் என்றால்தான் நடுத்தர வீட்டுப் பெண்ணால் ஆட்டத்தைத் தொடர முடியும். அவர் தொடர்ந்தார். ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடினார். தாயான பிறகும் திரும்பி வந்து, 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவை வென்ற அணியில் ஆடினார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை இந்தியா 75-73 என்று வென்றது. 2021-இல் பத்மஸ்ரீ வந்தது.

திறமையை விடுங்கள், அது அவருடையது. மற்றதைப் பாருங்கள்: சின்ன வயசிலேயே ஆடக் கிடைத்த ஒரு தரை, விடாமல் சொல்லிக்கொடுத்த ஒரு ஆள், பிறகு ஒரு வேலை. இந்த மூன்றில் எங்க குப்பத்துப் பிள்ளைகளுக்கு முதலாவதே கிடையாது. பனை ஓலைக் கூடை பின்னுவதில் பேர்போன ஊர் பழவேற்காடு. கூடைக்கு அங்கே பஞ்சமில்லை, தரைக்குத்தான் பஞ்சம்.

இன்ஜினியர் என்ற முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழு மைதானம் 28-க்கு 15 மீட்டர். ஆனால் டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்த்த மூவர் ஆட்டத்துக்கு 15-க்கு 11 மீட்டரும் ஒரே வளையமும் போதும். சமமான சிமென்ட் தளம், தண்ணீர் தேங்காத உயரம், உப்புக் காற்று தின்றுவிடாதபடி துத்தநாகம் பூசிய கம்பம். அவ்வளவுதான் வேலை. எந்தக் குப்பம் எப்போது ஆடுவது என்று சண்டை வருமா என்று கேட்காதீர்கள். ஏரியில் மீன்பிடிக்கும் இடத்தையே 'பாடு' முறையில் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டவர்கள் எங்க ஜனங்கள்.

இந்த வருட சங்க நிதியில் அப்படி ஒரு தளம் போடலாம் என்பது என் விண்ணப்பம். வரைபடமும் மேற்பார்வையும் என் பொறுப்பு. இனி நம் கல்லூரிக்கு வரும் ஏரிக்கரைப் பிள்ளை, முதல் நாளே பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும்.

வாழ்க நம் கல்லூரி!