சாம்பார் சாதமும் தெருநாயும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும், டிபன் பாக்ஸில் மிச்சமிருக்கும் சாம்பார் சாதம் கேட் ஓரம் பேப்பரில் கொட்டப்படும். நாய்கள் அந்த நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும். ஆவடி, பூந்தமல்லி தெருக்களிலும் இதே கதைதான். “நாம சாப்பிடுறதத்தானே போடுறோம்” என்பார்கள்.

அதில் பாதி உண்மை. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு ஜீன் ஓநாயிடம் 2 பிரதிகள்தான் இருக்கிறது. நாயிடம் 4 முதல் 30 வரை. 2013-இல் ‘நேச்சர்’ இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள். மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து நாய் சோற்றுக்குப் பழகிவிட்டது. ஆனால் சோற்றின் மேல் ஊற்றியதற்குப் பழகவில்லை.

முதலில் வெங்காயம். 1930-இல் அமெரிக்க மருத்துவர் செப்ரல், வெங்காயம் தின்ற நாய்களுக்கு ரத்தசோகை வருவதைப் பதிவு செய்தார். வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களை உடைக்கின்றன. வேகவைத்தாலும் நஞ்சு போவதில்லை. ஒரு கிலோ எடைக்கு 15 கிராம் போதும், பாதிப்பு தொடங்க. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தின்றாலும் ஆபத்துதான்.

அடுத்து புளி. இந்தக் கதை திராட்சையில் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் விலங்குகளுக்கான நச்சு உதவி மையம் ஒன்று இருக்கிறது. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது என்று, தனக்கு வந்த அழைப்புகளை வைத்து 2001-இல் அந்த மையம் எச்சரித்தது. காரணம் மட்டும் பிடிபடவில்லை. பிறகு, வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்க்கும் அதே மாதிரி ஆனது. மாவில் இருந்தது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. அந்த அமிலம்தான் குற்றவாளியாக இருக்கலாம் என்று 2021-இல் சொன்னார்கள். அது நிறைந்த இன்னொரு பொருள், நம்ம புளி. புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களின் பதிவும் 2022-இல் வந்தது.

யோசித்துப் பாருங்கள். புளி இல்லாமல் ஒரு நாள் ஓடாத ஊர் இது. ஆனால் புளியின் ஆபத்து, அதை அபூர்வமாகச் சமைக்கும் நாட்டில் தெரியவந்தது. காரணம் எளிது. அங்கே நாய்க்கு ஓனர் உண்டு, போன் செய்வார். அது ஒரு கேஸாகப் பதிவாகும். இங்கே ஒரு நாய் ரெண்டு நாள் வாந்தியெடுத்து லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டால், அதைச் சாம்பாரோடு சேர்த்துப் பார்க்க யாருமில்லை. வெங்காயத்தின் விளைவு தெரியவே சில நாட்கள் ஆகும்; அதற்குள் அந்த மதியம் மறந்துபோயிருக்கும்.

ஒரு கைப்பிடி சாம்பார் சாதத்தில் எந்த நாயும் உடனே சாவதில்லை, அளவுதான் முக்கியம். அதனால்தான் “காலங்காலமா போடுறோம், ஒண்ணும் ஆகலையே” என்ற பேச்சும் நிற்கிறது. ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் யாரும் பார்க்கவில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தெருநாய்களுக்கு உணவிட வார்டுதோறும் இடம் ஒதுக்கச் சொன்னது. எங்கே போடுவது என்ற சண்டை நாடு முழுக்க நடந்தது. எதைப் போடுவது என்று கேட்க நீதிமன்றம் தேவையில்லை. குழம்பு ஊற்றும் முன் ரெண்டு பிடி வெறும் சோற்றைத் தனியே எடுத்துவைத்தால் போதும்.